ஜிம் லாம்ப்லி: ரிங் ஓரத்து வர்ணனையும் பிற முயற்சிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியின் குத்துச்சண்டை ஒளிபரப்புகளை இணையத்தில் தேடிப் பார்க்கும் புதிய ரசிகர்கள் பலருக்கு முதலில் மனத்தில் நிற்பது வீரர்களின் முகமல்ல, ஒரு குரல்தான். அந்தக் குரலுக்கு உரியவர் யார், இப்போது என்ன செய்கிறார், குத்துச்சண்டைக்கு வெளியே அவர் ஈடுபட்ட பணிகள் எவை என்று மீண்டும் மீண்டும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடைகள் தரப்பட்டுள்ளன.

ஜிம் லாம்ப்லி யார்?

1949 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஹெண்டர்சன்வில் என்ற ஊரில் பிறந்தவர். 1988 முதல் 2018 வரை முப்பது ஆண்டுகள் எச்.பி.ஓ.வின் குத்துச்சண்டை ஒளிபரப்புகளில் முதன்மை வர்ணனையாளராக இருந்தார். அதற்கு முன்பே ஏ.பி.சி. தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தியாளராகவும், சிறிது காலம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தொலைக்காட்சி நிலையமொன்றில் செய்தி வாசிப்பாளராகவும் பணியாற்றியிருக்கிறார்.

குத்துச்சண்டை மீது அவருக்கு எப்போது ஈடுபாடு வந்தது?

ஆறு வயதில் வந்தது. ஐந்து வயதிலேயே தந்தையை இழந்த அந்தச் சிறுவனை, 1955 டிசம்பரில் சுகர் ரே ராபின்சனும் போபோ ஆல்சனும் மோதிய மிடில்வெயிட் பட்டப்போட்டியைப் பார்க்கச் சொல்லித் தாய் தொலைக்காட்சியின் முன்னால் உட்காரவைத்தார். உயிரோடு இருந்திருந்தால் தந்தை செய்திருக்கக்கூடிய ஒன்றைத் தாய் தன் கையால் செய்த நிகழ்ச்சியாகவே எனக்கு இது படுகிறது. ராபின்சன் இரண்டாவது சுற்றிலேயே ஆல்சனை வீழ்த்தினார். லாம்ப்லி தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரவிலிருந்துதான் தொடங்குவார்.

பிறகு குடும்பம் மயாமிக்குக் குடிபெயர்ந்தது. 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் கேசியஸ் கிளே என்ற 22 வயது இளைஞர், எல்லோரையும் அச்சுறுத்திக்கொண்டிருந்த சானி லிஸ்டனை எதிர்த்து நின்றார். கிளே வெல்வார் என்று பந்தயம் கட்டியவர்கள் சிலரே. சிறு வேலைகள் செய்து சேர்த்த பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர்களில் பதினான்கு வயது லாம்ப்லியும் ஒருவர். ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் தன் மூலையிலிருந்து எழுந்து வரவில்லை. பின்னாளில் முகம்மது அலி என்று உலகம் அறிந்த அந்த வீரரின் முதல் பட்ட வெற்றியை நேரில் கண்ட பையன், அலியிடம் தோற்ற இன்னொருவரின் மீட்சியை முப்பது ஆண்டு கழித்துத் தன் வாயால் உலகுக்குச் சொல்லப்போகிறான் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

தொலைக்காட்சிக்கு எப்படி வந்தார்?

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1971இல் பட்டம் பெற்றார். 1974இல் ஏ.பி.சி. நிறுவனம் கல்லூரிகளுக்கிடையிலான அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்புக்கு மாணவர் வயதுள்ள செய்தியாளர் ஒருவரைத் தேடி நாடெங்கும் தேர்வு நடத்தியபோது தெரிவு செய்யப்பட்டவர்களில் அவரும் ஒருவர். மைதானத்தின் ஓரக்கோட்டில் ஒலிவாங்கியுடன் நின்று தகவல் சொல்லும் செய்தியாளர் இன்று எல்லா விளையாட்டு ஒளிபரப்புகளிலும் உண்டு. அன்று அது புதுமை.

குத்துச்சண்டை வர்ணனை அவர் கேட்டு வாங்கிய பணி அல்ல. 1986இல் ஏ.பி.சி. விளையாட்டுப் பிரிவின் நிர்வாகம் மாறிய பிறகு அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. முதலில் வாய்த்ததோ மைக் டைசன் என்ற 19 வயது இளைஞரின் போட்டி. 1986 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ஜெஸ்ஸி பெர்குசனை எதிர்த்து டைசன் ஆடிய அந்தப் போட்டியிலிருந்து, இருவரும் ஒரே காலத்தில் மேலே வந்தார்கள்.

ஒரு குத்துச்சண்டை வர்ணனைக் குழுவில் லாம்ப்லி செய்த வேலை சரியாக என்ன?

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் அவருடைய திறமையின் அளவு விளங்கும். குழுவில் பொதுவாக மூவர் இருப்பார்கள். ஒருவர் குத்துக்குக் குத்து நடப்பதைச் சொல்லிச் செல்பவர். இரண்டாமவர், அந்தக் குத்து ஏன் இறங்கியது, எதிராளியின் இடக்கை ஏன் தாழ்ந்தது என்று விளக்கும் முன்னாள் வீரர் அல்லது பயிற்சியாளர். மூன்றாமவர், போட்டியைச் சற்றுத் தள்ளி நின்று எடைபோடும் பத்திரிகையாளர். எச்.பி.ஓ.வில் முதல் இடம் லாம்ப்லிக்கு உரியது. இரண்டாவது இடத்தில் சுகர் ரே லெனார்ட், ஜார்ஜ் போர்மன், ராய் ஜோன்ஸ் ஜூனியர், பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அமர்ந்தார்கள். மூன்றாவது இடம் நீண்ட காலம் லாரி மெர்ச்சன்டுடையது. இவர்களோடு, அதிகாரபூர்வமற்ற முறையில் புள்ளி கணக்கிட்டுச் சொல்ல ஹெரால்ட் லெடர்மன் என்ற புள்ளியிடும் நடுவர் இருந்தார். "ஓகே ஜிம்!" என்று அவர் உரத்த குரலில் தொடங்குவதைக் கேட்காமல் ஒரு பெரிய போட்டி முடிந்ததில்லை.

ஒரு சுற்று மூன்று நிமிடம். இடைவேளை ஒரு நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் முதல் ஆள் தான் பேசியாக வேண்டும், இரண்டாம் ஆளுக்கு இடம் விடவும் வேண்டும், யாரும் பேசாமல் கூட்டத்தின் ஓசையைக் கேட்கவிட வேண்டிய நொடி எது என்றும் முடிவெடுக்க வேண்டும். இடைவேளையில் மூலையில் பயிற்சியாளர் வீரனிடம் சொல்வது ஒலிபரப்பாகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் பார்வையாளர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். வானொலி வர்ணனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு நன்றாகத் தெரிந்த அந்த இடைவிடாத சொல்மழை இங்கே பயன்படாது. எனவே கண்ணுக்குத் தெரிவதை மீண்டும் சொல்லாமல், கண் தவறவிடுவதைச் சொல்லும் சிக்கனம் தேவைப்படுகிறது. கனமான குத்துகள் அடுத்தடுத்து இறங்கும்போது லாம்ப்லி நீண்ட வாக்கியம் எதுவும் அமைக்காமல் "பேங்! பேங்!" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்வது, பலர் நினைப்பதுபோல் வெறும் பழக்கமல்ல என்று நான் கருதுகிறேன். குத்தின் வேகத்துக்கு ஈடாக வேறு எந்தச் சொல்லும் வாயில் வந்து சேராது என்பதை அறிந்த ஒருவரின் தேர்வு அது.

"இட் ஹேப்பன்ட்!" என்ற வரி ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

"நடந்துவிட்டது!" என்பதுதான் அதன் பொருள். சொல்லில் ஒன்றுமில்லை, சொல்லப்பட்ட இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கம். ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரருக்கு வயது 26, தோல்வியே அறியாதவர். எதிரே நின்ற ஜார்ஜ் போர்மனுக்கு வயது 45. 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்தவர். அதன் பின் சில ஆண்டுகளில் விளையாட்டை விட்டு விலகி மதபோதகராகி, பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்தவர். முந்தைய ஆண்டு ஜூனில்தான் டாமி மாரிசனிடம் தோற்றிருந்தார். அன்று அவர் அணிந்திருந்தது இருபது ஆண்டுகளுக்கு முன் கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டை. கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற ஆஞ்செலோ டண்டி, இப்போது போர்மனின் மூலையில் நின்றார்.

அக்காலத்தில் போர்மன் எச்.பி.ஓ. வர்ணனைக் குழுவில் லாம்ப்லிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். போட்டிக்கு முன்பே அவர் லாம்ப்லியிடம் தன் திட்டத்தைச் சொல்லியிருந்தார்: போட்டியின் பிற்பகுதியில் ஒரு கணம் வரும், அப்போது மூரர் என் எதிரே வந்து நிற்பார், நான் அவரை வீழ்த்துவேன் என்று. லாம்ப்லி இதைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது புள்ளியிடும் மூன்று நடுவர்களின் அட்டையிலும் மூரரே முன்னிலையில் இருந்தார். பத்தாவது சுற்றில், போர்மன் சொன்னபடியே மூரர் அவர் முன்னால் நின்றார். மிக அருகிலிருந்து, அதிகம் வீசாமல் இறக்கப்பட்ட ஒரு வலக்கைக் குத்து. மூரர் மல்லாந்து விழுந்தார். ரிங்குக்குள் நின்ற நடுவர் ஜோ கோர்டெஸ் பத்து எண்ணி முடித்த நொடியில் லாம்ப்லியின் தொண்டையிலிருந்து அந்த வரி இருமுறை வெளிவந்தது.

இதை வெறும் வியப்பாகக் கேட்பவர் பாதியைத்தான் கேட்கிறார். எதிர்பாராதது நிகழ்ந்தால் மனிதன் "என்ன இது!" என்பான். "நடந்துவிட்டது" என்பது, நடக்கும் என்று ஒருவர் முன்பே சொல்ல, அதை நம்பவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் ஒன்பது சுற்று நேரம் காத்திருந்தவன் சொல்லும் சொல். ஒரு நண்பர் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதற்கான சாட்சியம் அது. அந்த இரவுக்கு முன்னால் நடந்த உரையாடல் இல்லாமல் அந்தச் சொல் வந்திருக்காது. சிறந்த வர்ணனை ஒலிவாங்கி உயிர்பெறும் நேரத்தில் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

டைசன் வீழ்ந்த இரவில் வர்ணித்தவரும் இவர்தானா?

ஆம். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம் அரங்கம். லாம்ப்லியுடன் மெர்ச்சன்டும் லெனார்டும் அமர்ந்திருந்தார்கள். தோல்வியே காணாத டைசனை எதிர்த்து வந்த பஸ்டர் டக்ளஸுக்கு 42க்கு 1 என்ற பந்தய விகிதம் கொடுக்கப்பட்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்தான் டக்ளஸ் தாயை இழந்திருந்தார். எட்டாவது சுற்றில் அவர் கீழே விழுந்து எழுந்தார்; பத்தாவது சுற்றில் டைசனை வீழ்த்தினார். மேடைத் தரையில் தவழ்ந்து பல்காப்பைத் தேடிய டைசனின் காட்சி உலகமெங்கும் பரவியது. அந்தக் காட்சியின் மேல் லாம்ப்லி அலங்காரம் எதையும் ஏற்றவில்லை. மைக் டைசன் நாக் அவுட் ஆகிவிட்டார் என்று நேராகச் சொன்னார். செய்தி பெரிதாக இருக்கும்போது வாக்கியம் சிறிதாக இருக்க வேண்டும் என்ற செய்தியாளரின் பயிற்சி அங்கே தெரிகிறது. ஜப்பானிய ரசிகர்களின் பெரும் அமைதிக்கு நடுவே அந்த நிதானம் இன்னும் கூர்மையாக ஒலிக்கிறது.

ஒளிபரப்பிலேயே கண்கலங்குவார், ஒரு பக்கம் சாய்ந்து பேசுவார் என்ற விமர்சனங்கள் உண்மையா?

முதலாவது உண்மை. அவர் அதை மறைத்ததும் இல்லை. உணர்ச்சியை அடக்கிக்கொள்ளாத வர்ணனையாளர் என்பதே அவருக்குப் புகழையும் கேலியையும் சேர்த்துத் தந்தது. கையுறை அணிந்த இருவர் உயிரைப் பணயம் வைத்து நிற்கும் ஒரு விளையாட்டில், அருகில் இருந்து பார்ப்பவர் கலங்குவதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது விமர்சனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. போட்டிக்கு முன்பே ஒரு கதையை மனத்தில் வகுத்துக்கொண்டு வருபவருக்கு, ரிங்கில் நடப்பது அந்தக் கதையோடு ஒத்துப்போகும் கணங்கள் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் தெரிவது இயல்பு. 1994இல் அவருக்கு வெற்றி தந்த அதே பண்பு, வேறு சில இரவுகளில் அமைதியாகப் புள்ளி சேர்த்த வீரருக்கு உரிய கவனத்தைக் குறைத்திருக்கலாம். நெருக்கமாக முடிந்த ஒரு போட்டியை ஒருமுறை வர்ணனையுடனும் மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டும் பார்த்துப் புள்ளி போடும் பழக்கம் கொண்ட ரசிகர்கள் இதை எளிதில் உணர்வார்கள்.

ஒலிம்பிக்கிலும் பணியாற்றினாரா?

ஏ.பி.சி.யிலும் பின்னர் என்.பி.சி.யிலும் சேர்த்து 14 ஒலிம்பிக் போட்டிகளின் ஒளிபரப்பில் பங்கேற்றிருக்கிறார். 1976இன் இன்ஸ்ப்ரக் குளிர்கால ஒலிம்பிக் முதலாவது.

வர்ணனைக்கு வெளியே அவர் செய்த படைப்பு முயற்சிகள் எவை?

முதலில் சொல்லத்தக்கது, 2012இல் எச்.பி.ஓ.வில் அவர் பெயரிலேயே தொடங்கிய "தி பைட் கேம்" என்ற அரைமணி நேர நிகழ்ச்சி. இதில் அவர் செய்தி ஆசிரியராகவும் கட்டுரையாளராகவும் இருந்தார். நடுவர் தீர்ப்புகளின் குறைபாடுகளையும், வீரர்களின் பாதுகாப்பையும், அமைப்புகளின் போக்கையும் நேரடியாகப் பேச இங்கேதான் அவருக்கு இடம் கிடைத்தது. அதில் "காட்டி பட்டியல்" என்ற ஒரு பகுதி உண்டு. யார் திறமைசாலி என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஏராளம். இதுவோ, யாருடைய ஆட்டம் பார்ப்பவரை இருக்கையின் நுனிக்கு இழுக்கிறது என்று வரிசைப்படுத்தியது. 2002 மே 18 அன்று மிக்கி வார்டுடன் மோதி, ஒன்பதாவது சுற்றில் விலாவில் வாங்கிய குத்தால் மடங்கி விழுந்தும் எழுந்து போராடிய ஆர்டுரோ காட்டியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. காட்டி 2009இல் மறைந்தார். வென்றவர்களை மட்டும் நினைக்கும் விளையாட்டு உலகில், அந்த முதல் மோதலில் தோற்ற ஒருவரின் பெயரை ஒரு அளவுகோலாக நிறுத்தியது மிக அழகான செயல்.

அதே 2012இல், பயிற்சியாளர் பிரெட்டி ரோச்சின் அன்றாட வாழ்க்கையைப் பின்தொடர்ந்த "ஆன் பிரெட்டி ரோச்" என்ற ஆவணத் தொடரின் தயாரிப்பிலும் லாம்ப்லி பங்கெடுத்தார். பீட்டர் பெர்க் இயக்கிய அத்தொடர், பார்க்கின்சன் நோயோடு வாழ்ந்துகொண்டே உலகச் சாம்பியன்களுக்குப் பயிற்சி தந்த ஒரு மனிதரை, விளக்கவுரை அதிகமின்றி, அருகில் நின்று காட்டியது. பேசுவதையே தொழிலாகக் கொண்டவர் தயாரித்த தொடரில் பேச்சு இவ்வளவு குறைவாக இருப்பது கவனிக்கத்தக்கது.

திரைப்படங்களில் அவர் பெரும்பாலும் தானாகவே, அதாவது வர்ணனையாளராகவே தோன்றுவார். "ஓஷன்ஸ் லெவன்", "ராக்கி பல்போவா", "சவுத்பா" ஆகியவற்றில் அவரைக் காணலாம். 2005 முதல் ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தில் அரசியல் கட்டுரைகளும் எழுதினார்.

எச்.பி.ஓ. குத்துச்சண்டையைக் கைவிட்ட பிறகு என்ன ஆனது?

1973இல் கிங்ஸ்டன் நகரில் போர்மன் பிரேசியரை வீழ்த்திய போட்டியோடு தொடங்கிய எச்.பி.ஓ.வின் குத்துச்சண்டை ஒளிபரப்பு, 45 ஆண்டுகளுக்குப் பின் 2018 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் கார்சன் நகரில் முடிவடைந்தது. கடைசி இரவிலும் ரிங் ஓரத்தில் இருந்தவர் லாம்ப்லிதான்.

அதற்குப் பின் அவர் தான் படித்த சேப்பல் ஹில்லுக்கே திரும்பினார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில், அமெரிக்க மின்னணுச் செய்தி ஊடகங்களில் கதைசொல்லல் எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பற்றிய பாடத்தை மாணவர்களுக்கு நடத்தினார். வேலை இழந்த ஒரு மூத்தவருக்குக் கிடைத்த கௌரவப் பதவி என்று இதை எண்ணுவது தவறு. வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று ஊடகம் மாறும்போது ஒரு செய்தி கதையாக மாறும் விதமும் எப்படி மாறுகிறது என்பது, ஓரக்கோட்டுச் செய்தியாளராகத் தொடங்கிய நாள் முதல் அவர் கைகளால் செய்து பார்த்த விஷயம்.

2023இல் வேறு வடிவில் குத்துச்சண்டைக்குத் திரும்பினார். கட்டணம் செலுத்திப் போட்டிகளைப் பார்க்கும் பிபிவி.காம் என்ற சேவையில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர்களுடன் எழுத்தில் உரையாடும் பொறுப்பை ஏற்றார். குரலால் அறியப்பட்ட ஒருவர், அந்தக் குரல் இல்லாமல் தட்டச்சின் வழியாக ரசிகர்களைச் சந்தித்த காலம் அது.

2025இல் அவர் மீண்டும் வர்ணனை செய்தார் என்பது சரியா?

சரி. 2025 மே 2 அன்று நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், திறந்த வெளியில் அமைத்த ரிங்கில் நடந்த போட்டிகளுக்கு, 2018க்குப் பிறகு முதன்முறையாகக் குத்துக்குக் குத்து வர்ணிக்கும் நாற்காலியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 76. அன்றைய முக்கியப் போட்டியில் ரோலண்டோ ரொமெரோ, ரயன் கார்சியாவைப் புள்ளிகளில் வென்றார். போட்டிகள் மந்தமாகவே அமைந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் குத்துகள் குறைவாக விழும் இரவில்தான் வர்ணனையாளரின் பொறுமை சோதிக்கப்படுகிறது.

அவர் எழுதிய நூல் எதைப் பற்றியது?

அதே 2025 ஏப்ரலில், விளையாட்டு எழுத்தாளரும் நீண்டகால நண்பருமான ஆர்ட் சான்ஸ்கியுடன் சேர்ந்து எழுதிய தன்வரலாறு வெளிவந்தது. தலைப்பு, எதிர்பார்த்தபடியே, "இட் ஹேப்பன்ட்!". விளையாட்டுத் தொலைக்காட்சியில் தனக்குக் கிடைத்த வாழ்க்கை ஓர் அரிய நற்பேறு என்று அதன் துணைத்தலைப்பு கூறுகிறது. அந்தச் சொல்லை அவர் வாயில் வரவழைத்த ஜார்ஜ் போர்மன், நூல் வெளிவருவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 2025 மார்ச் 21 அன்று காலமானார்.

அவருக்குக் கிடைத்த விருதுகள்?

குத்துச்சண்டை ஒளிபரப்புக்கான சாம் டாப் விருது 1992இல் கிடைத்தது. 2015இல் நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டாவில் உள்ள பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எந்தப் போட்டியிலிருந்து தொடங்கலாம்?

மூரர்–போர்மன் போட்டியிலிருந்து தொடங்குங்கள். ஆனால் துண்டுக் காணொளியாகப் பத்தாவது சுற்றை மட்டும் பார்க்க வேண்டாம். முதல் சுற்றிலிருந்தே பாருங்கள். இளைஞரின் வலக்கைக் குத்துகள் மீண்டும் மீண்டும் இறங்க, போர்மனின் முகம் வீங்கிக்கொண்டே போகும் அந்த நீண்ட நேரத்தில், லாம்ப்லி தன் நண்பருக்காக எதையும் மிகைப்படுத்தாமல் மூரரின் ஆதிக்கத்தை அப்படியே சொல்லிச் செல்கிறார். பிறகு ஒரு வலக்கை, மூரர் விழுகிறார், கோர்டெஸ் விரல்களால் எண்ணுகிறார், லாம்ப்லி சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். போர்மன் கைகளை உயர்த்தித் துள்ளவில்லை. தன் மூலைக்குத் திரும்பி, மண்டியிட்டு, தலைகுனிந்து வேண்டுகிறார்.